முதல் பரிசு

டயர் கடைக் குலுக்கலில்
நான் ஆசைப்பட்டது இரண்டாம் பரிசுக்கு: ரைஸ் குக்கர்.
தௌக்கே சிரித்துக்கொண்டே நீட்டியது முதல் பரிசு.
ஒரு நாள் பந்தயத் தடப் பயிற்சி,
மதியச் சாப்பாடு உட்பட.
மாற்றித் தருவீர்களா என்று கேட்டேன்.
மாட்டாராம்.

பஹாவ் தாண்டி, செம்பனைக்கு நடுவே,
ஒரு காலத்தில் துரைமார் விமானம் இறங்கிய தார்ப்பட்டை.
ஆரஞ்சுக் கூம்புகள், ஒரு கூடாரம்,
ஐஸ் பெட்டி, ஆம்புலன்ஸ்.
ஆம்புலன்ஸைப் பார்த்ததும்
சாப்பாட்டு ஆசை போய்விட்டது.

தலைக்கவசத்துக்காகக் கொண்டையை அவிழ்த்தேன்.
உள்ளே யாருடையதோ வியர்வை,
இனி அதோடு என் தேங்காயெண்ணெயும்.
ஷஹ்ரிலுக்கு இருபத்து மூன்று வயது, அவன்தான் வாத்தியார்.
எனக்கு நாற்பத்தெட்டு,
அதில் பத்தொன்பது பள்ளி வேனுக்கு.
தமயந்தி என்பது அவன் வாயில் உடைந்துபோனதால்
காக் என்றே கூப்பிட்டான்.

இருக்கையை முன்னால் இழு. இன்னும் இழு.
மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படியவேண்டும்.
முழுக்க மிதித்தாலும் முட்டி மடங்கியிருக்கவேண்டும்.
அப்படியென்றால் இத்தனை வருடம்
சாய்வு நாற்காலியிலா வேன் ஓட்டினேன்?

முதல் வளைவு. பாதியில் பிரேக்.
"நேர்கோட்டிலேயே மிதி, வளைவில் விடு."
இரண்டாம் வளைவு. பாதியில் பிரேக்.
"காக், அங்கே என்ன இருக்கிறது?"
ஒன்றுமில்லை.
என் வலது காலுக்கு மட்டும்
அங்கே ஒரு மாடு நிற்கிறது,
கித்தாக் காட்டு மாடு, கயிறில்லாதது.

"ஜாவு, காக், ஜாவு."
தூரத்தைப் பார் என்கிறான்.
கூம்பைப் பார்த்தால் கூம்புக்குத்தான் போவாயாம்.
பார்த்தேன். போனேன்.
நான்கு கூம்பு.
ஐந்தாவதை அவனே எடுத்து ஓரமாய் வைத்தான்.

அப்புறம்தான் கவனித்திருக்கிறான்:
ஒவ்வொரு வளைவிலும் என் கண்
மேலே போய்த் திரும்புகிறது,
பின்னால் காட்டும் கண்ணாடிக்கு.
அதில் பின் இருக்கைகூடக் கிடையாது.
வெறும் தகரம், சிவப்பாய் ஒரு தீயணைப்புக் குப்பி.
நான் தேடியது
யுகனேஸ் கதவுப் பூட்டைத் தொடுகிறானா,
தர்வினாவுக்கு வாந்தி வருகிறதா,
கடைசியாய் ஏறியது உட்கார்ந்துவிட்டதா.

கறுப்பு ஒட்டுநாடாவைப் பல்லால் கிழித்து
கண்ணாடியை மூடி ஒட்டினான்.
"பின்னால் யாரும் இல்லை, காக்."

இப்படி ஒருவர் என்னிடம்
சொல்லிக் கேட்டதே இல்லை.

அடுத்த சுற்று எப்படி நடந்தது என்று
சரியாகச் சொல்லத் தெரியவில்லை.
நேரில் அழுத்தி மிதித்தேன். விட்டேன்.
கார் மூக்கைத் தாழ்த்தி,
வளைவின் உள்வயிற்றை உரசி,
அந்தப் பக்கம் அகலமாய்த் திறந்துகொண்டது.
செம்பனை மரம் மரமாய் இல்லை.
நூற்றுப் பத்து என்றது முள்.
வாய்விட்டு ஏதோ கத்தினேன்.
நல்லவேளை, ஷஹ்ரிலுக்குத் தமிழ் தெரியாது.

அதற்கடுத்த சுற்றில் ஆசை மிஞ்சிப் பயந்து
நடு வளைவில் காலைச் சட்டென்று எடுத்தேன்.
பின்பக்கம் முன்பக்கத்தை முந்தியது.
வானம், கூடாரம், வானம், ஆம்புலன்ஸ்.
லாலான் புல்லுக்குள் நின்றோம்,
தடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.
என்ஜின் செத்திருந்தது.
தூசி அடங்கும்வரை அவனும் பேசவில்லை.
கறுப்பு நாடாவைப் பார்த்தேன்.
சாவியைத் திருகினேன்.

திங்கட்கிழமை, ஐந்தே முக்கால்.
வேன் கண்ணாடியில் பதினோரு தலை,
பாதி தூக்கத்தில்.
மாரியம்மன் கோயில் வளைவுக்கு முன்பே
நேரில் மிதித்து, வளைவில் மெல்ல விட்டேன்.
பின்னாலிருந்து தர்வினா:
"ஆண்ட்டி, இன்னைக்கு என் தண்ணி போத்தல் உருளவே இல்ல."

கழுத்து இன்னும் வலிக்கிறது.
ரைஸ் குக்கரை நூற்றிருபது வெள்ளிக்கு
நானே வாங்கிக்கொண்டேன்.
அப்படியே தௌக்கே கடைப்பக்கம் போய்
வேன் டயரைக் காலால் உதைத்துப் பார்த்தேன்.
புதுசுதானே, இரண்டு வருடம் தாங்கும் என்றார்.

அவ்வளவெல்லாம் தாங்காது என்றேன்.